இணையத்தில் ஒரு கையெழுத்துச் சஞ்சிகைக் காலம்

நமது இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் கையெழுத்துச் சஞ்சிகைகளைப் பற்றி ஓரிரு வரிகளேனும் குறிப்பிடாமல் விடுவதில்லை. பாடசாலை மாணவர் மன்றங்களிலும் கிராமத்து வாசிகசாலைகளிலும் ஒரேயொரு பிரதியாக எழுதப்பட்டு, கைக்குக் கை மாறி வாசிக்கப்பட்டவை அவை. பின்னாளில் அச்சில் பெயர்பெற்ற பலர் அவற்றில்தான் எழுதிப் பழகினர். அதன் பின் ரோணியோப் பிரதிகள் வந்தன. சிறு அச்சகங்களில் எழுத்துக் கோத்த சஞ்சிகைகள் வந்தன. கணனி அச்சமைப்பும் வந்தது. இந்த வரிசையில் இடம்பெற வேண்டிய இன்னொன்றும் உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள், தனிமனிதர்கள் தம் கையாலேயே எச்.டி.எம்.எல். எழுதி அமைத்த இணையப் பக்கங்கள்தாம் அவை.

கையெழுத்துச் சஞ்சிகையின் இலக்கணம் யாவும் அவற்றுக்குப் பொருந்தும். எழுதுபவரே ஆசிரியர், அவரே அச்சுக் கோப்பவர், அட்டைப்படம் வரைபவர், விநியோகிப்பவர். பணம் குறைவு, ஆர்வம் அதிகம், ஆயுள் நிச்சயமில்லை. கையெழுத்துச் சஞ்சிகைகள் கறையானுக்கும் மழைக்கும் இடப்பெயர்வுக்கும் பலியானது போல, இப்பக்கங்களிலும் பெரும்பாலானவை இன்று இல்லை. எவை போயின, எவை நின்றன, ஏன் என்று பார்ப்பது வெறும் பழங்கதை ஆகாது. இன்று நம்மவர் எழுதும் கவிதையிலும் கட்டுரையிலும் பெரும்பகுதி காகிதத்தைக் காணாமலே திரையில் பிறந்து திரையிலேயே மறைகிறது. அந்த எழுத்தை எவ்வாறு காப்பது என்பதற்கான விடை இவ்வரலாற்றிலேயே இருப்பதாக நான் நினைக்கிறேன்.

தொலைந்துபோகும் தாள்களுக்காக ஒரு வலை

கணனிகளை ஒன்றோடொன்று தொடுக்கும் இணையம் வேறு. அதன்மேல் பக்கங்களாக விரிந்துள்ள வலை வேறு. முன்னது மூத்தது. பின்னது ஜெனீவாவுக்கு அருகேயுள்ள சேர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. அங்கு பணியாற்றிய ஆங்கிலேயரான டிம் பேர்னர்ஸ் லீ 1989 மார்ச்சில் தம் மேலதிகாரியிடம் ஒரு முன்மொழிவைக் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை மிகச் சாதாரணமானது. சேர்னுக்கு உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்கள் வருவார்கள்; இரண்டொரு வருடங்களில் போய்விடுவார்கள். அவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் எங்கே இருக்கின்றன, எது எதனோடு தொடர்புடையது என்பது அடுத்து வருபவருக்குத் தெரியாது. எழுதியது அழியாமலே தொலைந்துபோகும். மேலதிகாரியான மைக் செண்டல் அந்த முன்மொழிவின் மேல் 'தெளிவில்லை, ஆனாலும் ஆவலைத் தூண்டுகிறது' என்று பொருள்பட எழுதினார். அந்த ஒரு வரியின் தயவில் வேலை தொடர்ந்தது எனலாம்.

1990 முடிவதற்குள் முதலாவது உலாவியும் முதலாவது வழங்கியும் இயங்கத் தொடங்கிவிட்டன. 1991 ஓகஸ்டில் செய்தி வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. அவ்வருடம் ஒக்டோபர் அளவில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தில் எச்.டி.எம்.எல். மொழியின் குறிகள் பட்டியலிடப்பட்டன. மொத்தம் பதினெட்டே குறிகள்.

அச்சக வேலை தெரிந்தவர்களுக்கு இக்குறிகள் அந்நியமானவை அல்ல. பிரதியைச் செப்பனிடுபவர் ஓரத்தில் 'இது தலைப்பு', 'இங்கே புதுப் பந்தி', 'இது தடித்த எழுத்து' என்று குறித்து அச்சுக் கோப்பவருக்கு அனுப்புவது வழக்கம். அவ்வழக்கத்தைக் கணனிக்குக் கொண்டுசென்றவர்களுள் முக்கியமானவர்கள், 1969 அளவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய சார்ள்ஸ் கோல்ட்பார்பும் அவரது சகாக்களும் ஆவர். அவர்கள் தொடக்கிவைத்தது 1986 இல் எஸ்.ஜி.எம்.எல். என்ற சர்வதேசத் தரமாயிற்று. சேர்னில் அதையொட்டிய குறிகளை ஆவணங்களுக்கு ஏற்கெனவே பயன்படுத்தி வந்தார்கள். பேர்னர்ஸ் லீ பெரும்பாலும் அவற்றையே எடுத்துக்கொண்டார். அவர் புதிதாகச் சேர்த்ததில் தலையாயது 'ஏ' என்ற ஆங்கில எழுத்தால் ஆன நங்கூரக் குறி. ஒரு சொல்லைச் சொடுக்கினால் உலகின் மறுகோடியில் உள்ள பக்கம் திறக்கும் வித்தை அதற்குள் இருந்தது.

இவ்விடத்தில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, உரிமை பற்றியது. அக்காலத்தில் வலைக்குப் போட்டியாக இருந்தது அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் உருவான கோபர் என்னும் முறை. 1993 இன் தொடக்கத்தில் அப்பல்கலைக்கழகம் கோபர் வழங்கிக்குக் கட்டணம் அறவிடும் எண்ணத்தை வெளியிட்டது. பலர் பின்வாங்கினர். அதே வருடம் ஏப்ரல் 30 ஆம் திகதி சேர்ன் வலையின் நிரல்களைப் பொதுச்சொத்தாக அறிவித்தது. எவரும் எவரிடமும் அனுமதி கேளாமல், ஒரு சதமும் கொடாமல் பக்கம் எழுதலாம் என்ற நிலை அன்று உறுதியாயிற்று.

இரண்டாவது, கையால் எழுதும் பழக்கம் வந்த விதம். பேர்னர்ஸ் லீ அமைத்த முதல் உலாவி வாசிக்கவும் எழுதவும் ஒருங்கே உதவியது. குறிகளை மனிதர்கள் கண்ணால் காண வேண்டி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. ஆனால் அது நெக்ஸ்ட் என்னும் விலை கூடிய கணனியில் மட்டுமே இயங்கியது. 1993 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் இருந்து வெளிவந்து உலகெங்கும் பரவிய மொசைக் உலாவி, படங்களை எழுத்துடன் சேர்த்துக் காட்டியது. எழுதும் வசதியைத் தரவில்லை. அதன் வழிவந்த நெட்ஸ்கேப்பின் ஆரம்பப் பதிப்புகளும் அவ்வாறே. வாசிக்கும் கருவி எல்லோர் கைக்கும் வந்தது. எழுதும் கருவி வரவில்லை. ஆகவே எழுத விரும்பியவர்கள் குறிகளைத் தாமே கற்றுக் கையால் எழுதினார்கள். ஒரு குறைபாட்டில் இருந்து ஒரு கைத்தொழில் பிறந்தது.

கைத்தொழிலின் இலக்கணம்

அத்தொழில் எத்தகையது என்பதை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். விண்டோஸ் கணனியில் நோட்பேட் என்று ஒன்று உண்டு. அலங்காரம் எதுவுமில்லாத வெறும் எழுத்துப் பலகை அது. அதில் ஒவ்வொரு குறியையும் கூரிய அடைப்புக்குள் இட்டு எழுத வேண்டும். தொடங்கும் குறிக்கு ஒரு முடிக்கும் குறி. முடிக்கும் குறியில் ஒரு சாய்கோடு கூடுதலாக வரும். பக்கம் முழுவதற்கும் 'எச்.டி.எம்.எல்.' என்ற ஒரு சோடி. அதற்குள் தலைப்பகுதிக்கு 'ஹெட்', உடற்பகுதிக்கு 'பொடி'. தலைப்பகுதியில் பக்கத்தின் பெயர். உடற்பகுதியில் பெரிய தலைப்புக்கு 'எச் 1', அதனிலும் சிறியதற்கு 'எச் 2', இப்படி ஆறு வரை. பந்திக்குப் 'பி'. படத்துக்கு 'ஐ.எம்.ஜி.'. இவ்வளவும் தெரிந்தால் ஒரு மாலைப்பொழுதில் ஒரு பக்கம் தயாராகிவிடும்.

நம்மைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு பாடம் காத்திருந்தது. நோட்பேட்டில் எத்தனை முறை அடுத்த வரிக்கு இறங்கினாலும் உலாவி அதைப் பொருட்படுத்தாது. எல்லா வரிகளையும் ஒன்றாகச் சேர்த்து ஓடவிடும். புதுக்கவிதை வசனமாகிவிடும்! ஒவ்வொரு வரியின் முடிவிலும் 'பி.ஆர்.' என்னும் முறிவுக் குறியை இட்டால்தான் கவிதை கவிதையாக நிற்கும். வரியை ஏன் இங்கே முறிக்கிறோம் என்று கவிஞர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க அக்குறி காரணமாயிற்று என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ஐம்பது வரிக் கவிதைக்கு ஐம்பது முறை கை நோக எழுத வேண்டி வந்தால், தேவையற்ற வரி தானாகவே உதிர்ந்துவிடும்.

இதைக் கற்பிக்க வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. உலாவியிலேயே 'மூலத்தைப் பார்' என்றொரு வசதி இருந்தது, இன்றும் இருக்கிறது. பிடித்த பக்கம் ஒன்றைத் திறந்து அதனைச் சொடுக்கினால், அப்பக்கத்தை எழுதியவர் இட்ட குறிகள் அனைத்தும் கண்முன் விரியும். பார்த்துப் பழகலாம். மர வேலையும் நெசவும் பக்கத்தில் இருந்து பார்த்தே பழகப்பட்ட ஊர்களில் பிறந்த நமக்கு இது புதிய கல்விமுறையன்று. தன் வேலைப்பாட்டை வருபவர் எல்லோருக்கும் திறந்து காட்டிய அச்சுத்தொழிலோ பதிப்புத்தொழிலோ இதற்கு முன் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

தனிமனிதர்களின் பக்கங்கள் முதலில் மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களில் தோன்றின. மாணவர்களுக்கு வழங்கப்பட்ட கணக்கில் ஒரு மூலை இருக்கும். அங்கு இடப்படும் கோப்புகள், அலைக்குறியும் மாணவரின் பெயரும் சேர்ந்த முகவரியில் உலகுக்குத் தெரியும். 1994 ஜனவரியில் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹோல் தொடங்கிய பக்கம், தன் வாழ்வைத் தானே எழுதி வெளியிடும் மரபின் முன்னோடிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்கு இடம் கொடுத்தவற்றுள் பெரியது ஜியோசிட்டீஸ். 1994 இல் டேவிட் போனெட், ஜோன் ரெஸ்னர் ஆகியோர் அமெரிக்காவில் தொடங்கிய அது, தன் நிலத்தைப் பேட்டைகளாகப் பிரித்து இலவசமாகக் கொடுத்தது. சினிமாப் பிரியருக்கு ஹொலிவூட், கல்வி விரும்புவோருக்கு ஏதென்ஸ், விஞ்ஞானப் புனைகதைக்காரருக்கு ஏரியா 51. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் இருந்தது.

அப்பக்கங்களின் கோலத்தை இன்று நினைத்தால் சிரிப்பு வரும். ஓடும் எழுத்து, மின்னும் எழுத்து, விருந்தினர் ஏடு, எத்தனையாவது வருகையாளர் என்று காட்டும் இலக்கப்பலகை, 'வேலை நடைபெறுகிறது' என்று மண்வெட்டியுடன் நிற்கும் ஒரு சிறு மனிதன். அவனது வேலை ஒருநாளும் முடிந்ததில்லை. ஆயினும் இரண்டு பக்கங்கள் ஒன்றுபோல் இருந்ததுமில்லை.

எழுத்துருவின் முகமூடி

தமிழுக்கு வருவோம். 1995 ஒக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளைக் கொண்ட ஓர் இணையத்தொகுப்பு வெளியிடப்பட்டது. அதன் தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் இருந்தவர் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி. தமிழ் எழுத்து வலையில் ஏறிய முதல் நிகழ்வுகளுள் ஒன்றாக அது குறிப்பிடப்படுகிறது. கவிதையோடு தொடங்கியது நமக்கு மகிழ்ச்சிக்குரியதே. அதே 1995 இல்தான் இலங்கையில் வர்த்தக ரீதியான இணைய இணைப்பும் கிடைக்கத் தொடங்கியது.

அன்று பெரும்பாலான கணனிகளுக்குத் தமிழ் தெரியாது. தமிழ் எழுத்துருக்கள் செய்தது ஒரு முகமூடி வேலை. கணனி தன் நினைவில் வைத்திருப்பது ஆங்கில எழுத்தை. அதன் முகத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டிவிடுவது எழுத்துரு. நமது நாட்டில் பரவலாக வழங்கிய பாமினியை எடுத்துக்கொள்வோம். பழைய தட்டச்சுப் பலகையை ஒட்டி அமைந்தது அது. பாமினியில் 'தமிழ்' என்று எழுதினால், கோப்புக்குள் உண்மையில் பதிவது ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி உள்ள கணனியில் அது தமிழ். இல்லாத கணனியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

அறபுத் தமிழை அறிந்த நமது வாசகர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். அறபுத் தமிழ் நூலில் மொழி தமிழ், உடை அறபு எழுத்து. அவ்வெழுத்தை ஓதத் தெரிந்த பாட்டியும் பாட்டனும் இருக்கும்வரை அது வீட்டில் வாசிக்கப்பட்டது. தமிழ் எழுத்து மட்டுமே கற்ற அடுத்த தலைமுறைக்கு அதே நூல் பூட்டிய பெட்டியாயிற்று. பாமினிப் பக்கத்தில் நிலைமை தலைகீழ். உடை தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. இரண்டிலும் ஆபத்து ஒன்றே. திறவுகோல் தொலைந்த அன்று எழுத்தும் தொலையும்.

ஆகவே அக்காலத் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றின் உச்சியிலும் ஆங்கிலத்தில் ஓர் அறிவித்தல் காணப்பட்டது: இவ்வெழுத்துருவை இறக்கி உங்கள் கணனியில் நிறுவிக்கொள்ளுங்கள். ஒருவர் பாமினி, இன்னொருவர் மயிலை, வேறொருவர் தாம் வேலை செய்யும் பத்திரிகையின் எழுத்துரு. பத்துப் பக்கம் வாசிக்கப் பத்து எழுத்துரு வேண்டியிருந்தது. இதை ஒழுங்குபடுத்தத் தன்னார்வலர்கள் டிஸ்கி என்ற குறியீட்டு முறையை வகுத்தனர். 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெற் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற முறைகள் முன்வைக்கப்பட்டன.

வாசகர் எழுத்துருவை நிறுவாமலே வாசிக்க ஒரு வழி, பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் 'இயங்கு எழுத்துரு'. இத்துறையில் தமிழ்நாட்டின் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பியின் (1953-2006) பெயர் நினைவுகூரப்பட வேண்டியது. அவர் அமைத்த 'தேனீ' எழுத்துருவை எண்ணற்ற தமிழ்ப் பக்கங்கள் இலவசமாக ஏற்றுக்கொண்டன. தலைப்பகுதியில் சில வரிகளைச் சேர்த்தால் போதும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் தமிழ் தெரியும். தமிழ் முஸ்லிம்களின் எழுத்துப் பங்களிப்பைப் பேசும்போது காப்பியங்களோடும் பத்திரிகைகளோடும் நாம் நின்றுவிடுகிறோம். இத்தகைய பணியையும் அப்பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

முகமூடிக் காலத்தை முடித்துவைத்தது யுனிகோட். அதன் முதற்பதிப்பு 1991 இல் வெளிவந்தபோதே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆயினும் விண்டோஸ் 2000, அதன் பின் 2001 இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பிறகே சாதாரண வாசகரின் கணனி அதை அறியலாயிற்று. இதில் 'த' என்பது தகரத்துக்கே உரிய எண்ணாகப் பதியும். எந்த எழுத்துருவில் காட்டினாலும் தகரம் தகரமே. கூகுளில் தமிழில் தேடினால் தமிழ்ப் பக்கம் அகப்படுவது இதன் பயனே. பாமினிப் பக்கங்கள் தேடுவோர் கண்ணில் படாமலே கிடந்தன.

ஊரில் ஒரு பக்கம்

2002 அளவில் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் எங்கள் ஊர் இலக்கிய வட்டத்துக்காக இத்தகைய பக்கம் ஒன்றை நான் அமைத்தேன். வட்டம் என்றால் எட்டுப் பேர். கணனி வைத்திருந்தவர் ஒருவர். இணைப்பு நெட் கபேயில். தொலைபேசி வழி இணைப்பு நிமிடக் கணக்கில் பணத்தை விழுங்கும் என்பதால், எல்லாவற்றையும் வீட்டில் எழுதி, 1.44 மெகாபைட் ஃபுளொப்பியில் ஏற்றி, கபேயில் சில நிமிடங்களில் வழங்கிக்கு அனுப்பிவிடுவோம். அவ்வளவு சிறிய ஃபுளொப்பியில் எங்கள் கவிதைகள் யாவும் அடங்கின. வெறும் எழுத்து அவ்வளவு மெலிந்தது. படம் ஒன்றைச் சேர்த்தால்தான் இடம் போதாது.

விண்டோஸ் கணனி கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கருதும். வழங்கிகளில் பெரும்பாலானவை யுனிக்ஸ் வழிவந்தவை, அவை இரண்டையும் வேறாகக் கருதும். வீட்டில் தெரிந்த படம் இணையத்தில் தெரியாது. அக்காலத்தில் கையால் பக்கம் எழுதிய எவரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார். பெயர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் வைப்பது என்ற விதி இவ்வாறே பரவியது.

எங்கள் வட்டத்தில் ஒருவர் நல்ல கவிஞர். அச்சில் வந்தவை சொற்பம். கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். அவற்றுள் பன்னிரண்டு கவிதைகளைத் தெரிந்து எங்கள் பக்கத்தில் இட்டிருந்தோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. அவர் தப்பினார்; கொப்பிகள் தப்பவில்லை. அதன் பின் அவர் அதிகம் எழுதவுமில்லை. சில வருடங்களில் இறையடி சேர்ந்தார்.

எங்களுக்கு இடம் கொடுத்திருந்த இலவச நிலையமும் பின்னர் மூடப்பட்டது. முகவரி செத்தது. ஆனால் 2003 இல் எல்லாக் கோப்புகளையும் ஒரு சீ.டி.யில் பதிந்து வைத்திருந்தோம். பல வருடங்களின் பின் அதைத் திறந்தபோது கண்டதைச் சொல்ல வேண்டும். பக்கத்தை எழுதிய கணனி இல்லை, விண்டோஸ் பதிப்பு இல்லை, அன்றைய உலாவி இல்லை. ஆனால் புதிய உலாவி அப்பக்கத்தைத் தயக்கமின்றித் திறந்தது. தலைப்பு தலைப்பாக இருந்தது. பந்தி பந்தியாக இருந்தது. கவிதையின் வரிமுறிவு ஒவ்வொன்றும் அவர் சொன்ன இடத்திலேயே இருந்தது. தமிழ் மட்டும் இல்லை. முகமூடி கழன்ற முகமாக, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் நிறைந்து கிடந்தன.

பாமினியை யுனிகோட்டாக மாற்றும் நிரல்கள் உண்டு. அவற்றின் வேலை நேரானதல்ல. பாமினியில் 'கொ' எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கண் காணும் வரிசை அது. யுனிகோட்டில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். ஆகவே இடம் மாற்ற வேண்டும். இன்னொரு சங்கடமும் உண்டு. எச்.டி.எம்.எல். குறிகளும் ஆங்கில எழுத்துகளே. முழுக் கோப்பையும் ஒரேயடியாக மாற்றினால் பந்திக் குறியின் 'பி' இகர விசிறியாகிப் பக்கமே குலைந்துவிடும். குறிகளை விலக்கி, அவற்றுக்கு இடைப்பட்டதை மட்டும் மாற்ற வேண்டும். கையால் எழுதிய பக்கம் என்பதால் எது குறி, எது கவிதை என்பது நோட்பேட்டில் பார்த்தவுடனே விளங்கியது. இரண்டு இரவுகளில் பன்னிரண்டு கவிதைகளும் மீண்டன. அவருடைய மகளிடம் அச்சுப்பிரதியைக் கொடுத்தோம்.

நிலமும் வித்தும்

எங்கள் கதை தனிக்கதை அன்று. ஜியோசிட்டீஸை 1999 இல் யாகூ நிறுவனம் 350 கோடி டொலருக்கும் மேற்பட்ட பெறுமதிக்கு வாங்கியது. பத்து வருடங்களின் பின், 2009 ஒக்டோபர் 26 இல், ஜப்பானியப் பகுதி தவிர்த்து அதனை மூடியது. அதுவும் 2019 இல் நின்றது. மூடுமுன் ஆர்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழுவினர் அகப்பட்டதையெல்லாம் இரவுபகலாகப் பிரதிசெய்து, ஒரு டெராபைட்டை நெருங்கும் தொகுப்பாக 2010 இல் வெளியிட்டனர். பக்கங்கள் வெறும் கோப்புகளாக இருந்தமையாலேயே அது சாத்தியமாயிற்று. ஓர்குட் 2014 இலும் கூகுள் பிளஸ் 2019 இலும் மூடப்பட்டன. அங்கு எழுதியவர்களிடம் எஞ்சியது என்ன?

அமெரிக்காவின் பியூ ஆய்வு நிலையம் 2024 இல் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, 2013 இல் இருந்த இணையப் பக்கங்களில் நூற்றுக்கு 38 வீதமானவை 2023 ஒக்டோபரில் திறக்க முடியாதவை. பத்து வருடம்தான்! நமது பாட்டன்மார் அச்சிட்ட நூல்கள் நூறு வருடம் தாண்டியும் பெட்டியில் கிடக்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. உலகின் முதலாவது இணையப் பக்கத்தைச் சேர்ன் நிலையம் 2013 இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய கைத்தொலைபேசியிலும் அது திறக்கிறது. எச்.டி.எம்.எல். மொழி 1997 இல் நான்காம் பதிப்பையும் 2014 இல் ஐந்தாம் பதிப்பையும் கண்டுவிட்டது. ஆயினும் தலைப்புக்கும் பந்திக்கும் தொடுப்புக்கும் உரிய ஆதிக் குறிகள் மாறவில்லை. மின்னும் எழுத்து மறைந்தது, எழுத்து மறையவில்லை. மைக்ரோசொப்டின் ஃப்ரொண்ட்பேஜ் போன்ற கருவிகள் வந்தன, போயின. கையால் எழுதிய பக்கத்துக்கு அக்கருவிகளின் உதவி தேவைப்படவில்லை. ஆகையால் அவற்றின் மரணம் அதைப் பாதிக்கவுமில்லை.

போனவை எவை என்று வகைப்படுத்தினால் மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, நிலம் பிறருடையது. இரண்டு, எழுத்து முகமூடி அணிந்தது. மூன்று, வீட்டில் பிரதி இல்லை. எச்.டி.எம்.எல். என்ற மொழியின் குறையால் போனதாக ஒரு பக்கத்தையும் நான் கண்டதில்லை. நிலம் போனாலும் வித்து கையில் இருந்தால் வேறிடத்தில் விதைக்கலாம். அந்தக் கோப்புத்தான் வித்து.

அண்மையில் ஒரு தம்பிக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தேன். நன்றாகக் கதை எழுதுபவர். "எல்லாத்தையும் பேஸ்புக்குல போட்டாப் போதும்தானே காக்கா, இந்தக் கரைச்சல் என்னத்துக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாசகர் அங்கேதான் இருக்கிறார். போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் போட்ட முதல் கதையை இப்போது எடுத்துத் தாருங்கள் என்றேன். கைத்தொலைபேசியில் விரலால் தள்ளித் தள்ளித் தேடினார். தேநீர் ஆறியது. கதை அகப்படவில்லை. அது அங்கே எங்கேயோ இருக்கிறது; எழுதியவர் கைக்கு வரவில்லை. 1989 இல் சேர்னில் இருந்த பிரச்சினையும் இதுவே.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. எழுதியதை யுனிகோட் தமிழில், வெறும் எழுத்தாக, தனிக் கோப்பாக ஒவ்வொருவரும் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஏழெட்டுக் குறிகளை இட்டால் அது பக்கம். அதை வைக்க இலவச இடங்கள் இன்றும் உள்ளன. 2013 இல் தொடங்கிய நியோசிட்டீஸ் பழைய ஜியோசிட்டீஸை நினைத்தே பெயர் வைத்துக்கொண்டது. ஆனால் எந்த இடத்தையும் நம்பி வீட்டுப் பிரதியைக் கைவிடலாகாது. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் வெளியீடுகளைப் பேணி வருகிறது. 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டெழுதிய நூல்களுள் உமறுப் புலவரின் சீறாப்புராணமும் உண்டு. நமது சஞ்சிகைகளையும் தொகுதிகளையும் இத்தகைய இடங்களுக்குக் கொடுப்பது எழுத்தாளர் சங்கங்களின் கடமை.

இன்னொரு வேலை அவசரமானது. 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணனியில் கோத்த நமது நூல்களும் மலர்களும் பாமினியிலும் அதுபோன்ற எழுத்துருக்களிலும் ஃபுளொப்பிகளாகவும் சீ.டி.களாகவும் யாரோ ஒருவரின் அலுமாரியில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் கணனிகள் குறைந்து வருகின்றன. எந்த விசையில் எந்த எழுத்து என்று பார்க்காமலே தட்டத் தெரிந்தவர்கள், அன்று அச்சமைப்பு நிலையங்களில் வேலைசெய்த தம்பி தங்கைகள், இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அறபுத் தமிழை ஓதத் தெரிந்தவர்கள் வீடுகள்தோறும் இருந்த காலத்தில் அவர்களை அருகில் இருத்தி எழுதிக்கொள்ள எத்தனை பேர் முன்வந்தார்கள்? அந்த அலுமாரிகளை இவ்வருடமே திறப்போம்.